சஹருக்கு இரண்டு, திறப்புக்கு இரண்டு

அன்று பின்னேரம் அஸர் தொழுகை முடிந்த நேரம் கடையில் இருந்தவர்களை முதலில் சொல்லிவிடுகிறேன்.

கவுண்டருக்கு உள்ளே நான்.

கவுண்டருக்கு வெளியே ஆதம்பாவா காக்கா. இடது காலில் செருப்பு, வலது காலில் துணிக்கட்டு.

அவரைத் தோளில் தாங்கிக்கொண்டு அவருடைய மருமகன்.

கண்ணாடி அலுமாரிப் பக்கம், பிள்ளைக்கு இருமல் பாணி வாங்க வந்த ஒரு பெண்.

திரைக்குப் பின்னால், மருந்துப் பெட்டிகளுக்கு நடுவில், மிஸ். அவர் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

அந்தப் பெண்ணுக்கும் இந்தக் கதைக்கும் தொடர்பில்லை. அவள் அவசரப்படுத்தினாள், அதனால்தான் பிழை வந்தது என்று கொஞ்ச நாள் எனக்கு நானே சாட்டுச் சொல்லிப் பார்த்தேன். அவள் அவசரப்படுத்தவில்லை. பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு பேசாமல் நின்றாள். அதனால்தான் அவளையும் எழுதினேன்.

இது இப்போது கவுண்டரில் நிற்கிற தம்பிமாருக்கும் தங்கச்சிமாருக்கும். நான் எட்டாம் வகுப்போடு நின்றவன். கல்முனையில் ஒரே பாமசியில் முப்பத்தாறு வருடம் நின்றேன். மருந்தின் பெயரைப் பெட்டியைப் பார்த்துப் படித்தேன். நீங்கள் சோதனை பாஸ் பண்ணி வருகிறீர்கள். எந்த மருந்து எந்தத் தட்டில் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. மற்றதைத்தான் சொல்கிறேன்.

எங்கள் கடைச் சுவரில் தொங்கிய மருந்தாளர் சான்றிதழ் மிஸ்ஸின் பேரில். என்னைவிட இருபது வயது குறைவு. கல்முனைதான். மெதடிஸ்த கோயிலுக்குப் போகிறவர். கடையில் எல்லோருக்கும் அவர் மிஸ்தான். அவர் என்னைக் காக்கா என்பார், எங்கள் பக்கத்தில் அண்ணனுக்கு அப்படித்தான். நான் செய்வது பிழை என்றால் வந்தவர்களுக்கு முன்னால் சொல்ல மாட்டார். பேனையை என் கையிலிருந்து மெதுவாக எடுப்பார். அவ்வளவுதான். எனக்கு விளங்கும்.

நோன்பு மாதத்தில் அவர் திரைக்குப் பின்னால் போய்த்தான் சாப்பிடுவார். முன்னுக்குக் கதிரையில் இருந்து சாப்பிடுங்கள் என்று எத்தனையோ தரம் சொன்னேன். கேட்கவில்லை.

"நீங்க எல்லாரும் வாய் காஞ்சி நிக்கிறீங்க. நான் முன்னுக்கு இருந்து மீன் முள்ளு எடுக்கிறதா?" என்று கேட்டார்.

நான் அஸர் தொழுதுவிட்டு வந்த பிறகுதான் அவர் சாப்பாட்டுப் பெட்டியைத் திறப்பார். பதினைந்து நிமிடம். அதற்குள் அவரைக் கூப்பிடுவதில்லை. அது நான் போட்ட சட்டம். அவர் கேட்கவுமில்லை. மரியாதைக்குப் போட்ட சட்டம்.

அந்த நாட்களை நான் இப்போதும் நினைக்கிறேன். பொழுது சாய்கிற மஃரிபுக்கு அரை மணி நேரத்துக்கு முன் தெருவெல்லாம் கஞ்சி மணக்கும். பள்ளிவாசலிலிருந்து ஆட்கள் வாளியோடு வருவார்கள். எங்கள் கடைக்கும் ஒரு வாளி. பாங்கு சொன்னதும் கவுண்டருக்குக் கீழே குந்திக்கொண்டு குடிப்போம். மிஸ்ஸும் ஒரு கோப்பை எடுப்பார். முதல் வாய் எங்களுக்கு விட்டுத்தான் குடிப்பார். பன்னிரண்டு நோன்பு மாதம் அப்படிக் குடித்தோம். இன்று வீட்டில் நல்ல கஞ்சி கிடைக்கிறது. கவுண்டருக்குக் கீழே குடித்த அந்த ருசி இல்லை.

சரி. ஆதம்பாவா காக்கா.

அவர் வட்டவிதானை. எங்கள் பக்கத்தில் வயல்வெளியை வட்டை என்போம். வாய்க்கால் தண்ணீரை எந்த வயலுக்கு எப்போது விடுவது என்று முறை வைத்துக் கொடுப்பவர் வட்டவிதானை. என்னைவிட இரண்டு வயது மூப்பு. பள்ளியில் ஒரே வரிசையில் தொழுகிறவர்கள் நாங்கள். சீனி வருத்தம், அதாவது நீரிழிவு, அவருக்குப் பதினொரு வருடம்.

அந்த வருடம் பெரும்போக அறுவடையும் நோன்பும் ஒன்றாக வந்தன. மெசின் அறுத்துவிட்டுப் போன வயலில் வெறுங்காலோடு நடந்திருக்கிறார். அறுத்த தாள்கட்டை ஆணி மாதிரி நிற்கும். குத்தியது அவருக்குத் தெரியவில்லை. சீனி வருத்தக்காரரின் காலுக்கு நோவு தெரியாது. மூன்று நாள் கழித்து மகள் பாயில் சீழ் கறையைக் கண்டு சத்தம் போட்டிருக்கிறாள்.

டொக்டர் புண்ணைத் துப்புரவு செய்து மருந்துத் துண்டு எழுதியிருந்தார். கெப்சூல். ஆறு மணித்தியாலத்துக்கு ஒன்று. ஏழு நாள். இருபத்தெட்டு. மூன்றாம் நாள் வந்து காலைக் காட்டவும் சொல்லியிருந்தார்.

நான் துண்டை வாசித்தேன். பென்சிலின் வகை மருந்து முன்பு ஏதும் ஒத்துக்கொள்ளாமல் போனதா என்று கேட்டேன். இல்லை என்றார். அந்தக் கேள்வியை நான் ஒருநாளும் மறந்ததில்லை. அதைக் கேட்டுவிட்டால் என் வேலை முடிந்தது என்று எனக்கு ஒரு நினைப்பு.

எண்ணி உறையில் போட்டேன். எழுதப் பேனையை எடுத்தேன். அப்போது அவர் சொன்னார்.

"தம்பி, நான் நோன்பு."

டொக்டர் கேட்கவில்லையா என்றேன். கேட்டாராம். மருந்தை நேரத்துக்குப் போட ஏலாவிட்டால் நோன்பை விடுங்கள் என்றாராம். இவர் தலையாட்டினாராம்.

"தலையாட்டிப்போட்டு வந்திட்டன். நாப்பத்தெட்டு வருஷம் ஒரு நோன்பு விடல்ல. காலுக்காக விடுறதா? நீ ஒரு வழி செல்லு."

மருமகன் ஏதோ சொல்ல வாயெடுத்தான். பாடசாலையில் படிப்பிக்கிற பொடியன். மாமா திரும்பிப் பார்த்தார்.

திரைக்குப் பின்னால் மிஸ் இருக்கிறார். மூன்று எட்டு வைத்தால் போதும். துண்டில் டொக்டரின் போன் நம்பர் இருக்கிறது. நான் எட்டும் வைக்கவில்லை, போனும் எடுக்கவில்லை. மிஸ் சாப்பிடுகிறார் என்று நினைத்தேன். இது எனக்குத் தெரிந்த கணக்குத்தானே என்றும் நினைத்தேன்.

ஒரு நாளைக்கு நாலு. பகலில் போட முடியாது. அப்படியானால் விடியுமுன் சாப்பிடுகிற சஹருக்கு இரண்டு, நோன்பு திறக்கும்போது இரண்டு. நாலு சரி. உறையில் அப்படியே எழுதினேன். முன்பும் பலருக்கு அப்படி எழுதியிருக்கிறேன். அவர்களில் யாரும் திரும்பி வந்து குறை சொல்லவில்லை. வராதவர்கள் எல்லோரும் சுகமாகிவிட்டார்கள் என்று நான் நினைத்துக்கொண்டது அதைவிடப் பெரிய பிழை.

"பாத்தியா," என்று மருமகனிடம் சொன்னார். "படிச்ச ஒனக்குத் தெரியல்ல. இவனுக்குத் தெரியுது."

எனக்குப் பெருமையாக இருந்தது. அதையும் மறைக்காமல் எழுதுகிறேன்.

மிஸ் கை கழுவிவிட்டு வெளியே வந்தபோது அவர்கள் போய்விட்டார்கள்.

ஐந்தாம் நாள், ஏறக்குறைய அதே நேரம், மருமகன் மட்டும் வந்தான். முகம் கழுவாத முகம். மாமாவைக் காலையில் ஆஸ்பத்திரி வாட்டில் சேர்த்தாயிற்று. காய்ச்சல். இரண்டாம் விரல் கறுத்துவிட்டது. வீக்கம் பாதத்தைத் தாண்டி மேலே ஏறுகிறது.

மூன்றாம் நாள் காட்டப் போனீர்களா என்று கேட்டேன். போகவில்லை. அன்று மெசின் வந்த நாள். மாமா வட்டையில் நின்றாராம்.

பிறகு அவன் மிஸ்ஸைப் பார்த்துச் சொன்னான். வாட்டு டொக்டர் மாமாவிடம் கேட்டிருக்கிறார், மருந்தெல்லாம் ஒழுங்காகப் போட்டீர்களா என்று. ஓம், ஒன்றும் விடவில்லை என்றாராம் மாமா. அப்படியானால் இந்தக் கிருமி இந்த மருந்துக்கு அடங்காத கிருமி, காத்திருக்க நேரமில்லை, நாளைக் காலையில் கணுக்காலோடு எடுக்க வேண்டி வரலாம் என்று டொக்டர் சொல்லியிருக்கிறார். கையெழுத்து வைக்கக் கடதாசியும் வந்துவிட்டது.

"இதை விடக் கடுமையான மருந்து வேற இரிக்கா மிஸ்? எங்கயாச்சும் எடுக்கலாமா?"

கேட்டுக்கொண்டே சட்டைப் பையிலிருந்து அந்த உறையை எடுத்துக் கவுண்டரில் வைத்தான். மருந்தின் பெயர் தெரிய வேண்டுமே என்று கொண்டுவந்திருக்கிறான்.

மிஸ் உறையை எடுத்தார். வாசித்தார். பிறகு கெப்சூலைத் தட்டில் கொட்டி, எண்ணுகிற கத்தியால் இரண்டிரண்டாகத் தள்ளினார். நாங்கள் இருவரும் பார்த்துக்கொண்டு நின்றோம்.

கணக்குப்படி பன்னிரண்டு மிஞ்சியிருக்க வேண்டும். பதினாறு இருந்தது.

மருமகன் தயங்கித் தயங்கிச் சொன்னான். முதல் இரண்டு சஹருக்கும் போட்டாராம். இரண்டாம் நாள் கெப்சூல் போட்ட கையோடு குமட்டியிருக்கிறது. விடிகாலைச் சுபஹ் பாங்குக்குப் பிறகு வாந்தி வந்தால் நோன்பு என்னாகும் என்று பயந்து சஹருக்குப் போடுவதை விட்டுவிட்டார். யாரிடமும் கேட்கவில்லை. நோன்பு திறக்கும்போது மட்டும் இரண்டு. கஞ்சியும் வடையும் வயிறு நிறையச் சாப்பிட்டுவிட்டு, அதற்கு மேல். இந்தக் கெப்சூலை வெறும் வயிற்றில் போட வேண்டும் என்று நான் அவருக்குச் சொல்லியிருக்கவில்லை.

"இது ஆர்ர எழுத்து காக்கா?" என்று மிஸ் கேட்டார். அவருக்குத் தெரியும். என் எழுத்தைத் தெரியாமல் இருக்குமா. நான் சொல்ல வேண்டும் என்று கேட்டார்.

"என்ட எழுத்து மிஸ்."

"நான் எங்க இருந்தன்?"

"சாப்பிட்டுக்கொண்டு இருந்தீங்க."

கெப்சூலைத் திரும்ப உறைக்குள் போட்டார். பிறகு எனக்குக் கணக்கைச் சொன்னார், குரலை உயர்த்தாமல். உள்ளே போகிற மருந்து கொஞ்ச மணித்தியாலம்தான் கிருமிக்கு எதிராக நிற்கும். பிறகு சிறுநீரோடு போய்விடும். அதனால்தான் ஆறு மணித்தியாலத்துக்கு ஒன்று. இரண்டை ஒன்றாகப் போட்டால் இரண்டு மடங்கு நேரம் நிற்காது. நான் எழுதியபடி போட்டிருந்தாலும் பகல் முழுக்கக் கிருமிக்கு விடுதலை. அவர் போட்டபடி பார்த்தால் இரவிலும் பாதி விடுதலை.

நாலு என்ற எண்ணை மட்டும் பார்த்தேன். நேரமும் மருந்துதான் என்று எனக்கு முப்பத்தாறு வருடத்தில் அன்றுதான் விளங்கியது.

"டொக்டர் மருந்து தோத்துப் போச்செண்டு நினைக்கிறார்," என்றார் மிஸ். "மருந்து தோக்கல்ல காக்கா. அது இன்னும் வேலை தொடங்கல்ல. இது அவருக்குத் தெரிய வேணும், இப்பவே."

"போன்ல சொல்லுங்க மிஸ்."

"போன் எடுக்கிறன். நீங்க இந்தக் கவரோட போங்க. கண்ணால பாத்தா நம்புவார்."

"என்ட பேர் வரும்."

"வரும்."

"கடைட பேரும் வரும்."

"அதுவும் வரும். சுவரில தொங்குறது என்ட பேர். அதுவும் வரும்."

அவ்வளவுதான் கதைத்தோம். அவர் போனை எடுத்தார். நான் உறையைச் சேட்டுப் பைக்குள் வைத்தேன்.

இந்த இடத்தில் ஒன்று சொல்ல வேண்டும். உங்களில் ஒருவருக்கு இப்படி ஒரு நாள் வரும். எல்லோருக்கும் வரும். அப்போது மனம் வேறு வழி சொல்லும். எனக்கும் சொன்னது. காக்காவே ஒன்றும் விடவில்லை என்று சொல்லிவிட்டார். மூன்றாம் நாள் போகாதது அவர் பிழை. சஹருக்கு விட்டதும் அவர் பிழை. பதினாறைப் பன்னிரண்டாக்க நாலு கெப்சூலை எடுத்துவிட்டு வேறு உறையில் போட்டால் போதும், என் எழுத்தை யாரும் பார்க்கப் போவதில்லை. மருமகனின் மோட்டார் சைக்கிளில் பின்னால் இருந்து போகும்போது இதெல்லாம் வந்தது. காற்று முகத்தில் அடித்தது. நான் பையைக் கையால் பொத்திக்கொண்டு போனேன்.

வாட்டில் ஆதம்பாவா காக்கா சுவர்ப் பக்கம் கட்டிலில் படுத்திருந்தார். என்னைக் கண்டதும் அவருக்கு விளங்கிவிட்டது.

"நீ எதுக்கு வந்த? போ. நோன்பு திறக்கிற நேரமாகுது, கடையப் பாரு."

டொக்டர் வந்தார். எங்கள் ஊர் இல்லை. என் மகன் வயது இருக்கும். மிஸ் போனில் சொல்லியிருந்தார். நான் உறையை நீட்டினேன்.

"இவன் ஒண்டும் செல்லல்ல டொக்டர்," என்றார் காக்கா கட்டிலில் இருந்தபடி. "நான்தான் என்ட பாட்டுக்குப் போட்டன். இவன்ர கடையில எடுத்த, அவ்வளவுதான்."

"நான்தான் எழுதின டொக்டர்," என்றேன். "அதில இரிக்கிறது என்ட எழுத்து. மிச்சம் பதினாறு. சஹருக்கு ரெண்டு நாள்தான் போட்டிருக்கார். மூண்டாம் நாளில இருந்து நோன்பு திறக்கக்குள்ள மட்டும்தான். வயிறு நிறையத் திண்டுபோட்டு."

டொக்டர் உறையின் எழுத்தைப் பார்த்தார். கையில் கொட்டி எண்ணினார். என்னைப் பார்க்கவில்லை. அது எனக்கு நல்லதாக இருந்தது.

"எவ்வளவு படிச்சீங்க?"

"எட்டு."

அவர் தாதியைக் கூப்பிட்டு வேகமாகச் சொல்லத் தொடங்கினார். புண்ணிலிருந்து எடுத்து அனுப்பியதற்கு ஆய்வுகூடத்தில் இருந்து பதில் வந்ததா என்று கேட்டார். மருந்தை நரம்பு வழியாக ஏற்றச் சொன்னார், மணிக்கூட்டைப் பார்த்து. பிறகு எங்கள் பக்கம் திரும்பினார்.

"மருந்து போட்டும் நிக்கல்ல எண்டா ஒரு முடிவு. மருந்தே சரியாப் போகல்ல எண்டா வேற முடிவு. நாளைக்குக் காலைய விடுவம். இன்னும் ஒரு நாள் பாக்கிறன். கறுத்த விரல் செத்துப்போச்சு, அது போகும். கால் மிஞ்சுமா எண்டு இப்ப சொல்ல மாட்டன்."

ஒரு நாள். அந்த உறையும் என் வெட்கமும் சேர்ந்து வாங்கிக் கொடுத்தது ஒரு நாள்தான்.

போவதற்கு முன் டொக்டர் இன்னொன்று சொன்னார். இவர் தண்ணீர் குடிக்க வேண்டும், நேரத்துக்குச் சாப்பிட வேண்டும், சீனியை இறக்க ஊசி போட வேண்டும். நோன்போடு ஏலாது. காலையிலிருந்து சொல்கிறோம், கேட்கிறார் இல்லை. நீங்கள் அவருடைய ஆள் என்றால் நீங்கள் சொல்லுங்கள்.

மருமகன் என்னைப் பார்த்தான். அவன் சொல்லி முடித்துவிட்டான் போல. பள்ளி மௌலவியும் போனில் சொல்லிவிட்டாராம். நோயாளிக்கு மார்க்கத்தில் சலுகை உண்டு, சுகமான பிறகு களாவாக நோற்று நிரப்பலாம் என்று. ஆதம்பாவா காக்காவுக்கும் அது தெரியும். தெரியாததால் அல்ல அவர் மறுத்தது.

நான் கட்டிலுக்குக் கிட்டப் போனேன்.

"காக்கா, நோன்ப விடுங்க."

"நீ செல்லுறியா எனக்கு?"

"ஓம். நான்தான் செல்லணும்."

"நாப்பத்தெட்டு வருஷம்."

"தெரியும்."

"சூடடிக்கிற காலத்திலயும் விடல்ல. சூறாவளி அடிச்ச வருஷமும் விடல்ல."

"தெரியும் காக்கா."

அவர் கூரையைப் பார்த்துக்கொண்டு கிடந்தார். எனக்கு மருந்து விளக்கம் சொல்லத் தெரியாது. அவருக்குத் தெரிந்ததை வைத்துத்தான் கேட்டேன்.

"ஒங்கட வட்டையில ஒருத்தன், நாலு முறைத் தண்ணிய ரெண்டு முறையில திறந்து விட்டுட்டு, மத்த நேரம் பயிரக் காயப் போட்டா என்ன செய்வீங்க?"

"வரம்பு உடைஞ்சிரும். பயிரும் கருகிரும்."

"அவன என்ன செய்வீங்க?"

"கன்னத்தில குடுப்பன்."

"எனக்குக் குடுங்க. அதத்தான் நான் ஒங்கட காலுக்குச் செஞ்ச."

மருமகன் தலையைக் குனிந்தான். பக்கத்துக் கட்டில்காரர் எங்களைப் பார்த்தார்.

"கிட்ட வா," என்றார் காக்கா.

போனேன். குனிந்தேன். அவர் கையைத் தூக்கினார். என் தோளில் வைத்து, என்னைப் பிடித்துக்கொண்டு எழும்பி உட்கார்ந்தார்.

"தண்ணி எடு."

மஃரிபுக்கு இன்னும் ஒரு மணி நேரத்துக்கு மேல் இருந்தது. யன்னலில் வெயில் நின்றது. அவர் சுவர்ப் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு குடித்தார். ஒரே மூச்சில் குடிக்கவில்லை. மிடறு மிடறாக, பிஸ்மி சொல்லிச் சொல்லிக் குடித்தார். கோப்பையை என்னிடம் திருப்பித் தரும்போது முகத்தைப் பார்க்கவில்லை. நானும் பார்க்கவில்லை. நான் அன்று என் நோன்பைத் தெருவில் திறந்தேன், ஒரு பேரீச்சம்பழத்தோடு.

முதலாளி என்னைப் பெருநாள் முடியும் வரை வீட்டில் நிற்கச் சொன்னார். மிஸ் எனக்காகக் கதைத்ததாகப் பிறகு கேள்விப்பட்டேன். அவர் என்னிடம் அதைச் சொன்னதில்லை. நான் வீட்டில் நின்றேன். ஆஸ்பத்திரிக்குப் போகவில்லை. போய் விசாரிக்க எனக்கு முகம் இல்லை. மருமகனும் வரவில்லை. கடிகாரத்தைப் பார்ப்பேன். இப்போது மருந்து ஏற்றுகிற நேரம் என்று நினைப்பேன். ஆறு மணித்தியாலத்துக்கு ஒரு தரம் அப்படி நினைத்தேன்.

இனி உங்களுக்கு.

நோன்பு மாதத்தில் துண்டைக் கையில் வாங்கியதும் மருந்தின் பெயரை வாசிக்க முன்னமே கேளுங்கள், நீங்கள் நோன்பா என்று. ஆம் என்றால் பேனையைக் கீழே வையுங்கள். எழுதிய டொக்டருக்குப் போன் எடுங்கள். ஒரு நாளைக்கு இரண்டு தரம் போடுகிற மருந்தும் இருக்கிறது. அது இந்த நோய்க்குப் பொருந்துமா என்று அவர்தான் சொல்ல வேண்டும். பொருந்தாது என்றால் நோன்பை விடச் சொல்லவும் அவரால்தான் முடியும். நீங்கள் கூட்டிப் பிரிக்காதீர்கள். கூட்டிப் பிரித்தால் கணக்குச் சரியாக வரும். அதுதான் ஆபத்து.

வாந்தி வந்தால், வயிறு கலங்கினால், உடம்பு அரித்துக் கடித்தால், விட்டுவிடாமல் உடனே வந்து கேளுங்கள் என்று சொல்லி அனுப்புங்கள். கெப்சூலை நிறுத்துகிறவர்கள் அறிவித்துவிட்டு நிறுத்துவதில்லை.

துண்டில்லாமல் வந்து, போன வருடம் மச்சிக்குக் கொடுத்த அந்தச் சிவப்புக் கெப்சூலில் இரண்டு தாருங்கள் என்று கேட்பார்கள். பல்வலிக்கு, மூக்கொழுகுகிற தடிமனுக்கு, காய்ச்சலுக்கு. வீட்டில் மிஞ்சியதை அடுத்த வீட்டுக்குக் கொடுக்கிற பழக்கமும் எங்கள் ஆட்களுக்கு உண்டு. கறி கொடுக்கிற மாதிரி மருந்தும் கொடுப்பார்கள். நல்ல மனம்தான். ஆனால் ஒருவரின் கிருமிக்கு எழுதியது மற்றவருக்குச் சரிவராது. தடிமனுக்கு அது வேலையே செய்யாது. அரைகுறையாகப் போட்டால் கிருமி மருந்துக்குப் பழகிவிடும். பிறகு உண்மையில் தேவைப்படுகிற நாளில் கேட்காது. அப்படி வந்து கேட்ட என் சொந்தத் தங்கச்சியையே திருப்பி அனுப்பினேன். மூன்று மாதம் வீட்டுக்கு வரவில்லை. பிறகு வந்தாள்.

அடுத்த வருடம் நோன்பு வந்தது. முதல் நாள் அஸருக்குப் பிறகு மிஸ் சாப்பாட்டுப் பெட்டியை எடுத்துக்கொண்டு திரைக்குப் பின்னால் போகவில்லை. கவுண்டருக்குப் பக்கத்தில் கதிரையை இழுத்துப் போட்டு, எல்லோருக்கும் தெரிய உட்கார்ந்து திறந்தார்.

"இனி நான் இதிலதான் காக்கா," என்றார். "கூப்பிட வெக்கப்படுறீங்க எண்டு எனக்குத் தெரியாமப் போச்சு."

வந்தவர்களில் ஒருவர் முணுமுணுத்தார், நோன்பாளிகளுக்கு முன்னால் ஒரு மரியாதை வேண்டாமா என்று. மிஸ் முன்னுக்கு இருப்பதுதான் உங்களுக்கு மரியாதை என்று சொன்னேன். அவருக்கு விளங்கவில்லை. விளக்க நான் நிற்கவில்லை. அந்த மாதம் மட்டும் நான் மிஸ்ஸைச் சாப்பாட்டிலிருந்து எழுப்பியது எத்தனையோ தரம். ஒவ்வொரு தரமும் இடது கையால் துண்டை வாங்கி வாசிப்பார். பிறகு போன் எடுப்பார். சோறு ஆறிவிடும்.

மிஸ் இப்போது வெளிநாட்டில் பிள்ளைகளோடு இருக்கிறார். நோன்பு முதல் நாள் போன் எடுப்பார். கடையில் யார் நிற்கிறார்கள், எப்படி நிற்கிறார்கள் என்று கேட்பார். நான் உங்களைப் பற்றிச் சொல்வேன்.

காலைப் பற்றி இன்னும் சொல்லவில்லை.

அந்த வருடம் பெருநாள் முடிந்து ஆறு கிழமை இருக்கும். ஒரு வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்குப் போனேன். தொழுகைக்கு முன் கை கால் கழுவுகிற உளூவுக்குக் குழாய் வரிசைக்கு முன்னால் சீமெந்துத் திட்டில் உட்கார்ந்தேன். பக்கத்துத் திட்டில் ஒருவர் ஊன்றுகோலைச் சாய்த்து வைத்துவிட்டு உட்கார்ந்தார். ஆதம்பாவா காக்கா. மெலிந்திருந்தார். இரண்டு காலிலும் செருப்பு.

நான் சலாம் சொன்னேன். பதில் சொன்னார். பிறகு முகம் கழுவினார், கை கழுவினார், தலையைத் தடவினார். நான் குழாயைத் திறந்தபடி வைத்துக்கொண்டு கழுவாமல் இருந்தேன்.

அவர் சாறனை உயர்த்தி, செருப்பைக் கழற்றி, இடது காலையும் வலது காலையும் ஒன்றாகத் தண்ணீருக்குக் கீழே நீட்டினார்.

"எண்ணு," என்றார். "நீ எண்ணுறதில கெட்டிக்காரன்தானே."

எண்ணினேன்.

ஒன்பது.